செல்போனுக்குக் காவல் உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "நல்ல ஆன்டிவைரஸ் எது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவரின் சட்டைப் பையில் ஒரு செல்போன் இருக்கும். வங்கிக் கணக்கு, ஆதார், குடும்பப் போட்டோக்கள், நிலப் பத்திரத்தின் படம் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் போனுக்கு ஸ்கிரீன் லாக் கூடப் போட்டிருக்க மாட்டார். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு, பணப்பெட்டிக்குப் பூட்டே இல்லை என்ற கதைதான்.

நான் இருப்பது அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம், ஆலத்தியூர் பகுதியில். 1997-ல் இங்கு சிமெண்ட் ஆலை வந்தது. ஆலை வேலைக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், முந்திரி, மக்காச்சோளம் போடுகிறவர்கள் என எல்லோருக்கும் வரவு செலவு இன்று செல்போன் வழியாகத்தான் நடக்கிறது. மாலை நேரத்தில் சிலருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். எக்ஸெல் சந்தேகம் என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில், "அண்ணே, இந்த மெசேஜ் உண்மையா பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

இந்தியாவில் 2024-ம் ஆண்டு சைபர் மோசடிகளில் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை சுமார் 22,845 கோடி ரூபாய். 2023-ல் இது சுமார் 7,465 கோடியாக இருந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. எனவே இந்தப் பக்கங்களைப் படித்து முடித்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, போனையும் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிடுங்கள்.

திருடனுக்குத் தேவை சிம் கார்டு

போன் தொலைந்தால் நாம் போனின் விலையை நினைத்துத்தான் கவலைப்படுகிறோம். ஆனால் பத்தாயிரம் ரூபாய் போனுக்குள் இருக்கும் சிம் கார்டு அதைவிட விலை அதிகம். ஏன் என்று பாருங்கள்.

உங்கள் போனில் பலமான லாக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருடனால் அதைத் திறக்க முடியாது. அவன் சிம் கார்டை மட்டும் வெளியே எடுத்து வேறு ஒரு போனில் போடுகிறான். உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் எல்லாம் இப்போது அவனுக்கு வரும். ஓ.டி.பி. கிடைத்தால் வாட்ஸ்அப் கணக்கைத் தன் போனில் திறக்கலாம், மெயில் பாஸ்வேர்டை மாற்றலாம், வங்கிக் கணக்கிலும் கை வைத்துப் பார்க்கலாம்.

இதைத் தடுக்க ஒரு பழைய வசதி இருக்கிறது. அதன் பெயர் சிம் லாக். நோக்கியா பட்டன் போன் காலத்திலிருந்தே இருக்கிறது, ஆனால் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. இதைப் போட்டுவிட்டால், சிம்மை எந்தப் போனில் போட்டாலும், போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலும், பின் நம்பர் கேட்கும். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க பி.யு.கே. என்னும் 8 இலக்க எண் வேண்டும். அது உங்கள் சிம் கம்பெனியிடம் கேட்டால்தான் கிடைக்கும். பி.யு.கே. எண்ணையும் 10 முறை தவறாக அடித்தால் அந்த சிம் செத்துவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், செக்யூரிட்டி பகுதியில் சிம் லாக் என்று தேடுங்கள். ஆன் செய்யும்போது முதலில் கம்பெனி போட்டிருக்கும் பழைய பின் நம்பரைக் கேட்கும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெரியாமல் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு அடியுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த நம்பராக மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டிய வேலைகள்

1. ஸ்கிரீன் லாக். பேட்டர்ன் வேண்டாம். கண்ணாடியில் விரல் தடம் கோலம் போட்டதுபோல் பதிந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் எளிதாகப் பார்த்துவிடுவார். 6 இலக்க பின் போடுங்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர் வேண்டாம்.

2. ஐ.எம்.இ.ஐ. எண். இது போனின் இன்ஜின் நம்பர் மாதிரி. 15 இலக்கம் இருக்கும். போனில் *#06# என்று டயல் செய்தால் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் வாங்கிய பில்லைப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள்.

3. கம்ப்யூட்டரில் கூகுள் லாகின். போனில் எந்த ஜிமெயில் கணக்கு இருக்கிறதோ, அதே கணக்கில் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லாகின் செய்து வையுங்கள். இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். போன் தொலைந்தபிறகு புதிய இடத்தில் லாகின் செய்யப் போனால், "உங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம், அதில் சரி என்று அழுத்துங்கள்" என்று கூகுள் கேட்கும். போனே இல்லாதபோது எங்கே போய் அழுத்துவது? ஏற்கெனவே லாகின் செய்த வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். பிரவுசிங் சென்டரில் ஒருபோதும் லாகினை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.

4. பேக்கப் கோடு. கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பகுதிக்குப் போனால் பேக்கப் கோட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைக் க்ளிக் செய்தால் 8 இலக்க எண்கள் பத்து கொடுக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். போனும் இல்லை, சிம்மும் இல்லை என்ற நிலையில் உங்கள் கணக்குக்குள் போக இதுதான் சாவி.

5. வாட்ஸ்அப் பின். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் போய், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்பதை ஆன் செய்து 6 இலக்க பின் கொடுங்கள். யாராவது உங்கள் ஓ.டி.பி.யைப் பிடுங்கினாலும் இந்த பின் இல்லாமல் உங்கள் பெயரில் வாட்ஸ்அப் திறக்க முடியாது. அப்படியே லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தையும் பாருங்கள். உங்கள் வாட்ஸ்அப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று காட்டும். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள்.

6. போட்டோக்களைக் காப்பி எடுங்கள். யு.எஸ்.பி. கேபிளில் போனைக் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். சார்ஜிங் மட்டுமா, ஃபைல் டிரான்ஸ்ஃபரா என்று போன் கேட்கும். ஃபைல் டிரான்ஸ்ஃபர் கொடுங்கள். கம்ப்யூட்டரில் போனின் பெயருடன் ஒரு டிரைவ் தெரியும். அதற்குள் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில்தான் கேமரா படங்கள் இருக்கும். அப்படியே காப்பி செய்து டி டிரைவில் போடுங்கள். மாதம் ஒருமுறை போதும். பஸ் ஸ்டாண்டிலோ, தெரியாத கடையிலோ சார்ஜ் போடும்போது இதே கேள்வி வந்தால் சார்ஜிங் மட்டும் என்று கொடுக்க வேண்டும். உங்கள் சொந்த சார்ஜர் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

போன் தொலைந்துவிட்டது. எதை முதலில் செய்வது?

பெண்ணாடத்தில் ரயில் ஏறும் கூட்டத்தில் போன் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் பலரும் முதலில் சிம் கம்பெனிக்குத்தான் போன் போடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிம்மை நிறுத்திவிட்டால் போனுக்கு இன்டர்நெட் போய்விடும். இன்டர்நெட் இல்லாத போனைத் தேடுவதும் பூட்டுவதும் கஷ்டம். அதனால் ஸ்கிரீன் லாக், சிம் லாக் இரண்டும் போட்டிருப்பவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்: கம்ப்யூட்டரில் கூகுள் டாட் காம் ஸ்லாஷ் ஆண்ட்ராய்டு ஸ்லாஷ் ஃபைண்ட் என்ற முகவரியைத் திறங்கள். போன் ஆன் ஆகி, இன்டர்நெட்டுடன் இருந்தால் அது இருக்கும் இடம் மேப்பில் தெரியும். பிளே சவுண்ட் கொடுத்தால் சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் சத்தம் போடும். வீட்டிலேயே சோபா இடுக்கில் போட்டுவிட்டுத் தேடுபவர்களுக்கு இதுவே போதும். உண்மையிலேயே தொலைந்திருந்தால், போனைப் பூட்டும் பட்டனை அழுத்தி, "கிடைத்தவர் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்" என்று வீட்டில் உள்ளவர் நம்பரைத் திரையில் வரச் செய்யலாம். நல்லவர் கையில் கிடைத்திருந்தால் கூப்பிடுவார். இனி கிடைக்காது என்று முடிவானால் மட்டும் எரேஸ் கொடுங்கள். அழித்தபிறகு இந்த வழியில் போனைத் தேட முடியாது. மேப்பில் இடம் தெரிகிறது என்று தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். போலீஸிடம் காட்டுங்கள்.

அடுத்து: சிம் கம்பெனியைக் கூப்பிட்டு சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியைக் கூப்பிட்டு மொபைல் பேங்கிங், யு.பி.ஐ. இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நம்பர்கள் தொலைந்த போனுக்குள் இருந்து பயன் இல்லை. முன்பே நோட்டில் இருக்க வேண்டும்.

போனில் எந்த லாக்கும் இல்லை என்றால் வரிசை மாறும். வங்கியையும் சிம் கம்பெனியையும் முதலில் கூப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம்.

அதன்பிறகு: காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நம்பரில் புதிய சிம் வாங்குங்கள். புதிய சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. பயப்படாதீர்கள், இது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். வேறு யாராவது உங்கள் பெயரில் போலியாக சிம் வாங்கினாலும் உடனே ஓ.டி.பி. எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. உங்கள் போனில் காரணம் இல்லாமல் திடீரென்று சிக்னல் போய், மணிக்கணக்கில் வரவில்லை என்றால் உடனே சிம் கம்பெனியில் விசாரியுங்கள். உங்கள் நம்பருக்கு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம்.

எஸ்.எம்.எஸ். வர ஆரம்பித்ததும், சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசின் வெப்சைட்டைக் கம்ப்யூட்டரில் திறங்கள். 2023 மே மாதம் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட வசதி இது. தொலைந்த போனை முடக்கும் பகுதியில் ஐ.எம்.இ.ஐ. எண், புகார் ரசீது, உங்கள் செல் நம்பர் ஆகியவற்றைக் கொடுத்தால், இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. முடக்கிய பிறகும் போலீஸ் அதைக் கண்டுபிடிக்கலாம். கிடைத்துவிட்டால் அதே இடத்தில் முடக்கத்தை எடுத்துவிடலாம்.

இதே வெப்சைட்டில், உங்கள் பெயரில் எத்தனை செல் நம்பர்கள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்து நிறுத்தலாம். உங்கள் ஆதார் ஜெராக்ஸை வைத்து வேறு யாரோ சிம் வாங்கி மோசடி செய்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்களும் இங்கே ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரி பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைல்

எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் காட்டும் மெசேஜ் இதுதான். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபைல் வரும். பி.எம். கிசான் என்று பெயர் இருக்கும், அல்லது வண்டி அபராத ரசீது, வங்கி கே.ஒய்.சி., கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது இருக்கும். அனுப்பியவர் தெரிந்தவராகவே இருப்பார். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருக்கும்.

கம்ப்யூட்டரில் எக்ஸி ஃபைல் எப்படியோ, ஆண்ட்ராய்டு போனில் ஏ.பி.கே. அப்படி. அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஒரு புரோகிராம். திறந்தால் இன்ஸ்டால் ஆகும். இன்ஸ்டால் ஆகும்போது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்துவோம். அவ்வளவுதான். இனி உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அப்படியே வேறு ஒருவருக்குப் போகும். யாரிடமும் நீங்கள் ஓ.டி.பி. சொல்லவே இல்லை, ஆனாலும் பணம் போயிருக்கும். அதோடு நிற்காமல், உங்கள் வாட்ஸ்அப்பில் உள்ள எல்லோருக்கும் அதே ஃபைல் உங்கள் பெயரிலேயே போகும். தெரிந்தவரிடமிருந்து வந்தது எப்படி என்பதற்கு விடை இதுதான்.

தடுக்கும் வழி: செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஸ்பெஷல் ஆப் அக்சஸ், அதில் இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப், குரோம் உட்பட எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். புரோகிராம் வேண்டும் என்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். அங்கேயும் தயாரித்தவர் பெயரைப் பார்த்து எடுங்கள்.

தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டால்? உடனே டேட்டா, வைஃபை இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டால் ஒரே அழுத்தில் முடிந்துவிடும். வேறு ஒருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆப்பை நீக்குங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால், போட்டோக்களைக் காப்பி எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் நல்லது. பாஸ்வேர்டுகளை அந்தப் போனில் மாற்றாதீர்கள். கம்ப்யூட்டரில் மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே எக்ஸி ஃபைலும் வரும், ஜிப் ஃபைலுக்குள் ஒளிந்தும் வரும். போனில் கவனமாக இருந்துவிட்டு கம்ப்யூட்டரில் டபுள் க்ளிக் செய்தால் பயன் இல்லை.

பணம் வருவதற்கு பின் நம்பர் வேண்டாம்

யு.பி.ஐ. பற்றி ஒரே ஒரு விதி. பின் நம்பர் அடித்தால் பணம் போகும். பணம் வருவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், கியூ.ஆர். ஸ்கேன் செய்யவும் வேண்டாம். "முந்திரிக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். முன்பெல்லாம் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பி, பணம் வருவதுபோல் நம்ப வைத்து ஏமாற்றுவார்கள். தனி நபர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிக் கேட்கும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் யு.பி.ஐ.யில் நிறுத்தப்பட்டுவிட்டது.

எஸ்.எம்.எஸ். வந்தால் அனுப்பியவர் பெயரின் கடைசியைப் பாருங்கள். 2025 முதல் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகின்றன. ஜி என்றால் அரசு, டி என்றால் பணப் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்ற மெசேஜ் சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து வந்தால் அது வங்கி அனுப்பியது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒரு மிரட்டலும் உண்டு. போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ காலில் வருவார். "உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது, கேமரா முன்னால் இருந்து நகரக் கூடாது" என்பார். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது, பணத்தை அனுப்பச் சொல்லாது. இந்தப் போன் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்களுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கும் வருகிறது. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டால் 1930

வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி வைப்பதுதான் பெரிய நஷ்டம். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். இது நாடு முழுவதற்கும் ஒரே நம்பர்.

அவசரம் ஏன் என்றால், மோசடிப் பணம் ஒரே கணக்கில் தங்காது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து பத்து கணக்குகள் என்று பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடும். 1930-ல் புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். ரொக்கமாக எடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

கூப்பிடும்போது வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், யு.டி.ஆர். என்னும் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற வெப்சைட்டில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஸ்கிரீன் ஷாட் எடுத்துப் புகாருடன் சேருங்கள். மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே நேரிலும் போகலாம்.

வங்கிக்கும் எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின் அடிப்படை இதுதான்: தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் உங்கள் நஷ்டம். சொன்னபிறகு போனால் வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்பவருக்குத்தான் லாபம்.

பேட்டரி ஜாக்கிரதை

2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பி.எல். 5சி என்ற பேட்டரியில், ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அதிகம் சூடேறலாம் என்று சொன்னது. பேட்டரி மேல் உள்ள 26 எழுத்து எண்ணை நோக்கியா வெப்சைட்டில் அடித்துப் பார்த்து, மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பலர் போனே வெடிகுண்டு ஆகிவிட்டது என்று பயந்தார்கள். உண்மையில் அப்போது உலகம் முழுவதும் வந்திருந்த புகார்கள் சுமார் 100.

2016-ல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்ததால் அந்த மாடலையே நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில், பெட்டிகள் வைக்கும் இடத்தில் இருந்த ஒரு நோட் 2 போன் புகைந்தது. ஊழியர்கள் உடனே அணைத்து, போனைத் தண்ணீரில் போட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை.

பெரிய கம்பெனி பேட்டரிக்கே இந்தக் கதி என்றால், ஐம்பது ரூபாய் சார்ஜரை நம்ப முடியுமா? தலையணைக்கு அடியில், மெத்தை மேல் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி இருக்காது. பேட்டரி உப்பி, பின் மூடி தூக்கிக்கொண்டால் அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஊசியால் குத்தாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். சார்ஜில் போட்டபடி பேசுவதும், இடி மின்னல் நேரத்தில் சார்ஜ் போடுவதும் வேண்டாம். மின்னல் மின்சார லைன் வழியாக வரும்.

கதிர்வீச்சு பயம்

டவரால் கேன்சர் வருமா என்று கேட்காதவர் இல்லை. செல்போன் பயன்படுத்துவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல உடம்பின் செல்களை உடைக்கும் சக்தி அதற்கு இல்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள்.

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் சார் அளவு ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பல போன்களில் *#07# டயல் செய்தால் அந்தப் போனின் அளவு வரும். சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில்தான் போன் அதிகச் சக்தியைச் செலவழித்து டவரைப் பிடிக்கிறது. ஒரு கோடு மட்டும் காட்டும்போது நீண்ட நேரம் பேச வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்றால் ஹெட்போனில் பேசுங்கள்.

சாலையிலும் சுரங்கத்திலும்

கதிர்வீச்சைவிட எனக்குப் பெரிய பயம் ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும் சாலை எங்களுடையது. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பேசினால், 2019 சட்டத் திருத்தப்படி முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் விஷயம் அபராதம் இல்லை. லாரி ஹாரன் காதில் விழாது என்பதுதான் விஷயம். வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். ஓட்டுகிறவர் என்று தெரிந்தால், கூப்பிட்டவரும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட வேண்டும்.

சுரங்கத்தில் வெடி வைக்கும் இடத்தில் செல்போனுக்குத் தடை போர்டு இருந்தால் அதை மீறாதீர்கள். மின்சார டெட்டனேட்டரின் ஒயர், ரேடியோ அலையை ஆன்டெனாபோல் பிடித்துக்கொள்ளும். மிகப் பக்கத்தில் போன் இருந்தால் அதில் மின்சாரம் உண்டாக வாய்ப்பு இருக்கிறது. அங்கே போனை ஆஃப் செய்வதைவிட வெளியிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் முறை.

கம்ப்யூட்டர் டேபிளில் ஒட்ட வேண்டிய பேப்பர்

கடைசியாக ஒரு வேலை. ஒரு வெள்ளைப் பேப்பரில் இவற்றை எழுதுங்கள்: வீட்டில் உள்ள எல்லா போன்களின் ஐ.எம்.இ.ஐ. எண்கள், சிம் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பர், வங்கியின் அவசர நம்பர், 1930, போனைத் தேடும் கூகுள் முகவரி, சஞ்சார் சாத்தி முகவரி. பின் நம்பர்களையும் பாஸ்வேர்டுகளையும் இதில் எழுதக் கூடாது.

வங்கி நம்பரைக் கூகுளில் தேடி எழுதாதீர்கள். போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் அங்கே நிறைய உண்டு. பாஸ்புக்கிலோ ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலோ இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் டேபிளுக்கு மேல் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் கூட அதைப் பார்த்து 1930-க்கு போன் போட முடியும்.